சமூக சேவா சங்கத்தின் தாபகர் சேர் பொன்னம்பலம் அருணாசலம்

நோய் வந்தால் தெய்வத்தை நாடுவதும், நோயாளிக்குத் தொண்டு செய்வதைத் தெய்வ வழிபாடாகக் கொள்வதும் நம் சைவ மரபில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர் திருவதிகைக் கோயிலில் அந்நோய் தீரப் பெற்றார். கொங்கு நாட்டில் அடியார்களைக் குளிர்காய்ச்சல் வாட்டியபோது திருஞானசம்பந்தர் திருநீலகண்டத் திருப்பதிகம் பாடினார். புள்ளிருக்குவேளூரில் இறைவனுக்கே வைத்தியநாதர் என்று பெயர். நம் மலைநாட்டிலோ அம்மை நோய்க்கு அஞ்சிய மக்கள், கடல் கடந்து வந்த முதல் நாள் தொட்டே மாரியம்மனுக்குக் கல்லை நட்டு விளக்கேற்றினார்கள். மாத்தளை மாவட்டத்தில் தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் இருப்பதற்குக் காரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இம்மரபில் வந்த ஒரு பெருமகனார், உயர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், ஏழைகளின் கல்விக்கும் உடல்நலத்துக்கும் குடியிருப்புக்குமாக ஒரு சங்கத்தைத் தொடங்கி, அதன் தலைவராக இருந்து உழைத்தார். அவர்தான் சேர் பொன்னம்பலம் அருணாசலம். இவர் பெயரைச் சொன்னவுடன் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் என்பதே பலருக்கும் நினைவுக்கு வரும். பாடப் புத்தகங்களும் அதையே சொல்கின்றன. அவர் பதிவாளர் நாயகமாகச் செய்த பணியும், சமூக சேவா சங்கத்தில் செய்த பணியும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தோட்டப்புற மக்களாகிய நமக்கு அவ்விரண்டுமே மிக நெருக்கமானவை.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் திகதி கொழும்பில் பிறந்தார். மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். தந்தையார் கேற் முதலியார் பொன்னம்பலம் கொழும்புக் கச்சேரியில் காசாளராக இருந்தவர். கொச்சிக்கடையில் உள்ள ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்தைத் தம் பொருளைக் கொண்டு எடுப்பித்த புண்ணியவானும் அவரே. தாயார் செல்லாச்சி அம்மையார். சட்ட நிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக விளங்கிய சேர் முத்துக்குமாரசுவாமி இவருக்குத் தாய்மாமன். மூத்த தமையனார் குமாரசுவாமி. அடுத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அண்ணன் இராமநாதனின் புகழ் நிழலில் தம்பியின் புகழ் சற்று மறைந்து நிற்பதுண்டு. கோயிலும் கல்லூரியும் கட்டியவர் அண்ணன். தம்பி கட்டியவற்றுள் பல கண்ணுக்குத் தெரியாதவை.

கொழும்பு அக்கடமி என்று அன்று வழங்கிய றோயல் கல்லூரியில் படித்து, 1870இல் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் பயின்றார். சட்டமும் படித்து பாரிஸ்டரானார். 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்கான திறந்த போட்டிப் பரீட்சையில் தேறி, அவ்வழியாக அச்சேவைக்குள் நுழைந்த முதலாவது இலங்கையர் என்ற பெருமையைப் பெற்றார். அக்காலத்தில் பெரும்பாலும் வெள்ளையரே அமர்ந்த நாற்காலிகள் அவை. நாடு திரும்பியவர் கச்சேரிகளிலும் நீதிமன்றங்களிலும் ஊர் ஊராக மாற்றம் பெற்றுக் கடமையாற்றினார்.

1887இல் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், சேவையில் மூத்தவர்கள் பலர் இருக்க அவர்களைத் தாண்டி அருணாசலத்தைப் பதில் பதிவாளர் நாயகமாக நியமித்தார். அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. அந்தக் கந்தோரோ அப்போது பெருங்குழப்பத்தில் இருந்தது. காணி உறுதிகளைப் பதிவதில் மோசடி மலிந்திருந்தது. பழைய ஏடுகளில் ஒன்றைத் தேடி எடுப்பதென்றால் நாட்கணக்கில் அலைய வேண்டும். அருணாசலம் அதைச் சீர்படுத்தத் தொடங்கினார். பதிவேடுகள் வைப்பதற்கு ஒழுங்கான அறை, தேடுவதற்குச் சுட்டிகள், கந்தோரில் வேலை செய்வோர் கடனில் மூழ்காதிருக்க உதவி நிதி என ஒவ்வொன்றாக ஏற்படுத்தினார். அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒரு கோப்பைக் காணவில்லை என்றால் ஓர் ஏழையின் காணியே காணாமற் போய்விடும்.

பதிவாளர் நாயகத்தின் பொறுப்பில் காணி உறுதி மட்டும் இல்லை. பிறப்பும் இறப்பும் விவாகமும் அங்கேதான் பதியப்படுகின்றன. பிறப்பு, இறப்புப் பதிவு இந்நாட்டில் சட்டமாக வந்தது 1867இல். பின்னர் 1895ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைப் புதுக்கி அமைத்தது. இதற்கும் நோய் நொடிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர் இறந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பச்சைக் குழந்தைகள், எந்த நோயால் இறந்தார்கள் என்பது தெரியாவிட்டால் வைத்தியசாலையை எங்கே கட்டுவது? பேதி பரவுகிறதா, குறைகிறதா என்று எதைக் கொண்டு அறிவது? ஊரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது போன்றதுதான் மரணப் பதிவு.

நம் மாத்தளைக்கு இது நன்கு பொருந்தும். புகையிரதம் வருவதற்கு முன், இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் ஆகிய இடங்களிலிருந்து புறப்பட்ட நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என நடந்து மாத்தளையை அடைந்தார்கள். கோப்பித் தோட்டக் காலம் அது. பேதியும் அம்மையும் காய்ச்சலும் அவர்கள் கூடவே நடந்தன. வழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலை. அவர்களுக்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை, புதைத்த இடமும் தெரியாது. 1867க்கு முன் இறந்தவர்களைப் பற்றி அரசாங்க ஏட்டில் தேடிப் பயனில்லை. மாத்தளைக்குப் புகையிரதப் பாதை வந்தது 1880இல். அதற்குள் எத்தனை உயிர்கள் போயின என்பதைக் கணக்கிட ஒருவராலும் முடியாது. எண்ணப்படாதவனுக்கு அழுவதற்கும் ஆளில்லாமற் போகும் என்பது நம் மக்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

பதிவின் அருமை பிற்காலத்தில் இன்னொரு வகையிலும் நம்மவருக்கு விளங்கியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்துக் காம்பிராவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எங்கே இருந்தது? ஒரு துண்டுக் காகிதம் இல்லாமற் போனதால் பல்லாயிரம் குடும்பங்கள் நாடற்றவர்களாயின. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அந்த வேதனை நீண்டது. 1948இல் அருணாசலம் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் எதிர்த்து வாதாடியிருப்பார் என்று நம்புவதற்கு அவர் வாழ்க்கையில் வேண்டிய ஆதாரம் உண்டு.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பும் அவர் மேற்பார்வையிலேயே நடந்தது. நாட்டின் சனத்தொகை 35 இலட்சத்து 65 ஆயிரத்துக்குச் சற்று அதிகம் என அது காட்டியது. வெறும் எண்களை அடுக்கி வைக்கும் அறிக்கையாக அதனை அவர் எழுதவில்லை. மக்களின் வரலாறு, சமயம், சாதி வழக்கம், மொழி, நோய், ஆயுள் ஆகியவற்றை விரித்து எழுதினார். அறிஞர்கள் நெடுங்காலம் அதைப் போற்றிப் படித்தார்கள்.

இவ்வளவு வேலைக்கும் நடுவே அவர் உள்ளம் எங்கே இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் சாட்சி. 1890ஆம் ஆண்டளவில் குருணாகலில் மாவட்ட நீதிபதியாக இருந்தபோது, கேம்பிரிட்ஜ் காலத்து நண்பரான எட்வேட் காப்பென்ரர் என்னும் ஆங்கில எழுத்தாளர் அவரைக் காண வந்தார். அவரை அருணாசலம் தம் குருநாதராகிய இராமசுவாமி என்னும் ஞானியிடம் அழைத்துச் சென்றார். ஞானி தமிழிலே சொல்லச் சொல்ல அது ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. காப்பென்ரர் ஊர் திரும்பி 1892இல் வெளியிட்ட பயண நூலில் அந்த ஞானியைப் பற்றி விரிவாக எழுதினார். மாணிக்கவாசகர், தாயுமானவர் ஆகியோரின் பாடல்களை அருணாசலம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துமிருக்கிறார். பகலில் நீதிமன்றம், காலையும் மாலையும் சிவசிந்தனை என வாழ்ந்தவர். இந்தச் சிவசிந்தனையை ஒதுக்கிவிட்டு அவருடைய பிற்காலத் தொண்டை மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும்.

1906இல் சட்ட நிரூபண சபையிலும், 1912இல் நிர்வாக சபையிலும் அங்கத்தவரானார். 1913இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டே சேர் பட்டமும் கிடைத்தது. வயது அறுபது. ஓய்வூதியம் உண்டு, நல்ல வீடு உண்டு, நூலகம் உண்டு, மனைவி மக்கள் உண்டு. கைநிறைய ஓய்வூதியத்துடன் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து பத்திரிகை படிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அதில் குற்றமும் இல்லை. அருணாசலம் அப்படி அமரவில்லை.

1915 சனவரி மாத இறுதியில் இலங்கைச் சமூக சேவா சங்கம் கொழும்பில் தோற்றுவிக்கப்பட்டது. அதன் தாபகரும் தலைவரும் அவரே. பம்பாயில் என். எம். ஜோஷி 1911இல் இதே பெயரில் ஒரு சங்கத்தைத் தொடங்கி ஆலைத் தொழிலாளர் மத்தியில் வேலை செய்துகொண்டிருந்தார். தொழிலாளர் குடியிருப்புகளின் நிலை அங்கே எப்படியோ அப்படியே கொழும்பிலும் இருந்தது. துறைமுகத்திலும் பண்டகசாலைகளிலும் கைவண்டி இழுத்தும் பிழைத்தவர்கள் சேரிகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம். சில இடங்களில் இரண்டு. குடிநீர்க் குழாய்க்கும் மலசலகூடத்துக்கும் இடையே பல அடி தூரம்கூட இல்லாத முடுக்குகள். சயரோகமும் வயிற்றோட்டமும் அங்கே நிரந்தரக் குடியிருப்பாளர்கள்.

சங்கத்தார் முதலில் செய்தது சேரிகளுக்கு நேரே போய்ப் பார்த்ததுதான். எத்தனை வீடு, எத்தனை பேர், என்ன வருமானம், என்ன நோய் என்று விசாரித்தார்கள். குடிசன மதிப்பு நடத்தியவர் தலைவராக இருக்கும் சங்கம் வேறு எப்படித் தொடங்கும்! நோயாளிகளுக்கு வைத்திய உதவி, பிள்ளைகளுக்கும் பகலில் வேலைக்குப் போகும் வளர்ந்தவர்களுக்கும் இராப் பாடசாலை, சிக்கனத்துக்கும் சேமிப்புக்கும் வழி, கைத்தொழில், மதுவிலக்கு என்று வேலைகள் விரிந்தன. அத்துடன் நிற்கவில்லை. ஏழைக்கு ஏற்ற குடியிருப்பு, குறைந்தபட்சக் கூலி, நோயுற்றால் பட்டினி கிடக்காதபடி காப்புறுதி ஆகியவற்றை அரசாங்கம் சட்டத்தால் ஏற்படுத்த வேண்டும் என்றும் சங்கம் கேட்டது.

இந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியமானது. அக்காலத்தில் தருமம் என்றால் கஞ்சி வார்ப்பது, வேட்டி சேலை கொடுப்பது, கப்பல் காசு கொடுத்து ஊருக்கு அனுப்புவது என்பதோடு முடிந்துவிடும். கொடுத்தவனுக்குப் புண்ணியம், வாங்கினவனுக்கு அன்றைக்குப் பசி தீர்ந்தது. மறுநாள் அதே பசி, அதே நோய். மருந்தைக் கொடுத்து அதே ஈரத்தரையில் படுக்க அனுப்பினால் காய்ச்சல் திரும்பி வருமா, வராதா? கூலி உயராமல், இருப்பிடம் திருந்தாமல் நோய் தீராது என்று அருணாசலம் கண்டார். கந்தோரில் இருந்த காலத்தில் வருடா வருடம் மரண எண்களைப் பார்த்தவருக்கு அது விளங்கியதில் வியப்பில்லை. எண்ணுக்குப் பின்னால் இருந்த வீட்டை அவர் இப்போது நேரில் பார்த்தார்.

தரும சபைகளில் தலைவர், உபதலைவர் பதவி வகிப்பவர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆண்டுக்கொருமுறை பொன்னாடை போர்த்திக்கொள்வதற்கும் அழைப்பிதழில் பெயர் போட்டுக்கொள்வதற்குமே தலைவர் பதவி என்று நினைப்போர் எக்காலத்திலும் உண்டு. கோயில் பரிபாலன சபைகளும் இதற்கு விலக்கில்லை. ஒரு கூட்டத்துக்கும் வராமல் கணக்கறிக்கையில் ஒப்பமிடுவோரும் உண்டு. அருணாசலம் தம் பெயரைச் சங்கத்துக்கு இரவல் கொடுத்தவரில்லை. சேர் பட்டம் பெற்ற சிவில் சேவையாளர், கொழும்புப் பெரிய மனிதர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போன முடுக்குகளின் சங்கதியை நாட்டின் சங்கதியாக ஆக்கினார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்ற பேதமோ சமய பேதமோ அந்தச் சேரிகளில் செல்லவில்லை, சங்கத்திலும் செல்லவில்லை. அந்த 1915ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே சிங்கள, முஸ்லிம் கலவரம் மூண்டு நாடு அல்லோலகல்லோலப்பட்டதை நினைத்தால் இது சிறு காரியமன்று.

சங்கம் தொடங்கிய மறு வருடம், 1916இல், வேறொரு தரும நிறுவனத்தின் சுகாதார வேலை நம் மாத்தளை மாவட்டத்திலேயே தொடங்கியது. அமெரிக்கச் செல்வந்தர் ரொக்பெல்லரின் பெயரால் அமைந்த தர்ம நிதியத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு, கொழுக்கிப்புழுவை ஒழிக்கும் இயக்கத்தை இலங்கையில் முதன்முதல் மாத்தளைத் தோட்டங்களில் ஆரம்பித்தது. அந்த இயக்கத்துக்கும் அருணாசலத்தின் சங்கத்துக்கும் நிர்வாகத் தொடர்பு இல்லை. ஆயினும் அருணாசலம் பேசிய பிரச்சினை எதுவென்பதை அது கண்முன்னே காட்டுகிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொழுக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். அதன் முட்டை மலத்துடன் வெளியேறி, ஈரமண்ணில் பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து மறுபடி உடலுக்குள் புகும். வெறுங்காலுடன் தேயிலைக்கும் கொக்கோவுக்கும் றப்பருக்கும் இடையே நடந்தவர்கள் நம் மக்கள். லயங்களுக்கு மலசலகூடம் கிடையாது, இருந்தாலும் போதாது. முகம் வெளுத்து, கால் வீங்கி, மேட்டில் ஏற மூச்சு வாங்கும் தொழிலாளியைச் சோம்பேறி என்று திட்டிப் பேர் வெட்டினார்கள். இரத்தம் இல்லாத உடம்பு எப்படி ஓடியாடி வேலை செய்யும்? கருவுற்ற பெண்களின் பாடு இன்னும் மோசம். இரத்தசோகையோடு பிள்ளை பெற்று, தாயும் சேயும் மாண்ட குடும்பங்கள் எத்தனையோ.

அந்த இயக்கத்தார் தைமோல் என்னும் மருந்தைக் கொடுத்தார்கள். நம் வீட்டு ஓமத்திலிருந்தும் எடுக்கப்படும் பொருள்தான் அது. ஓமத்துக்கு அந்த மணத்தைத் தருவதும் அதுவே. மருந்து வேலை செய்தது; புழு விழுந்தது. ஆனால் மலசலகூடம் கட்டுவதற்குத் தோட்டக் கம்பெனிகள் செலவு செய்யத் தயங்கின. மண் பழைய மண்ணாகவே இருந்தபடியால் சுகமானவர்கள் வெறுங்காலோடு நடந்து மறுபடியும் புழுவைத் தேடிக்கொண்டார்கள். கோடீஸ்வரரின் பணமும் அமெரிக்க வைத்தியர்களின் திறமையும் ஒரு குழிக் கக்கூசு இல்லாத காரணத்தால் பாதி வீணாயின. தோட்டத்து நோயாளிகளுக்கு வைத்திய வசதி செய்ய வேண்டும் என்ற சட்டம் 1872இலேயே வந்திருந்தது. சட்டம் இருந்தது, ஆசுபத்திரியும் சில இடங்களில் இருந்தது, ஆனால் கேட்பதற்குத் தொழிலாளிக்கு வாய் இல்லை.

ஏன் வாய் இல்லை? 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தல் கொடாமல் வேலையை விட்டுப் போவதும் வேலைக்கு மறுப்பதும் குற்றம். மூன்று மாதம் வரை மறியல். வேலைகொடுப்போனுக்கும் வேலைக்காரனுக்கும் இடையிலான கணக்கு வழக்குக்குச் சிறைத் தண்டனை! அதன் மேல் துண்டு முறை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால், கடனைத் தீர்த்தால் விடுவிக்கிறோம் என்று துரை எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். கடன் தொழிலாளியின் தலையில் மறுபடி ஏறும். கங்காணிகளுக்குள் துண்டு கைமாறும்போது கடன் தொகை வளர்ந்ததேயொழியக் குறைந்ததில்லை. காசும் கடனும் ஒருபுறம், மறியல் பயம் மறுபுறம் இருக்க, லயத்துக்குக் கக்கூசு கட்டித் தாருங்கள் என்று யார் வாய் திறப்பார்கள்?

கொழும்புச் சேரியில் தொடங்கிய அருணாசலத்தின் தொண்டு தோட்டத்துக்கு வந்து சேர்ந்த வழி இதுதான். 1919 யூன் மாதத்தில் அவர் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்தார். அதன் செயலாளராக இருந்தவர் கேம்பிரிட்ஜில் படித்துப் பாரிஸ்டரான பெரி சுந்தரம். மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இவர் பின்னர் 1931இல் முதலாவது அமைச்சரவையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். நலன்புரிச் சங்கம் மறியல் தண்டனையையும் துண்டு முறையையும் ஒழிக்க வேண்டுமென்று விடாமல் எழுதியது, பேசியது. 1920இல் இலங்கைத் தொழிலாளர் சம்மேளனமும் அவர் தலைமையில் எழுந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு.

இந்தியாவிலிருந்து வந்த அழுத்தமும் சேர்ந்துகொள்ள, 1921இல் துண்டு முறையும் தொழிலாளரைச் சிறையிலிடும் விதிகளும் சட்டத்தால் நீக்கப்பட்டன. கடனும் கங்காணியின் அதிகாரமும் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் பல வருடங்கள் போராட வேண்டியிருந்தது. என்றாலும், சுகமில்லை என்று வேலைக்கு வராதிருந்தவனை விலங்கு மாட்டிக் கொண்டுபோகும் பயம் நீங்கியது. யாழ்ப்பாணப் பூர்வீகமும் கொழும்பு வாழ்வும் கொண்ட ஒரு பெரிய மனிதர், தம் உறவோ ஊரோ இல்லாத தோட்டத்துத் தமிழருக்காக இதைச் செய்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அரசியல் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோது சிங்களத் தலைவர்களும் தமிழ்த் தலைவர்களும் ஒன்றுகூடி அவரையே முதல் தலைவராக்கினார்கள். கொழும்பில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படாமற் போகவே, 1921இல் மனம் நொந்து விலகினார். 1923இல் இலங்கைத் தமிழ் மக்கள் சபையைத் தொடங்கினார். இந்நாட்டுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906 முதல் அவர் செய்துவந்த முயற்சியின் பயனாக, 1921 சனவரியில் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அவருடைய புதல்வர்களுள் ஒருவரான சேர் அருணாசலம் மகாதேவா பின்னாளில் உள்நாட்டு அமைச்சராக இருந்தார்.

1924ஆம் ஆண்டு பிறந்தபோது அருணாசலம் தென்னிந்தியத் தலங்களைத் தரிசிக்கும் யாத்திரையில் இருந்தார். மீனாட்சியம்மை அரசாளும் மதுரையில், சனவரி 9ஆந் திகதி அவர் சிவபதமடைந்தார். வயது எழுபது. நம் முன்னோர் எந்தச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி மாத்தளைக்கு நடந்து வந்தார்களோ, அந்தச் சீமைக்கு அருகிலேயே அவர் உயிர் பிரிந்தது. 1930இல் கொழும்பு காலிமுகத்திடலருகே பழைய சட்டசபைக் கட்டிடத்தின் முன் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஜனாதிபதி செயலகமாக மாறிய அக்கட்டிடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அச்சிலையையும் காணலாம்.

சமூக சேவா சங்கம் முதல் நாளிலிருந்து கேட்டுவந்த குறைந்தபட்சக் கூலி, அவர் மறைந்து மூன்று வருடங்களுக்குப் பின், 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு முதன்முதலாகக் கிடைத்தது.